நடுவில் இழுத்த ஒயர்

சென்னை பைபாஸ் வந்து முடியும் புழல் வழியாகத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போகும் கன்டெய்னர் லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு கோத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். இது தொடரிணைப்பு. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று கோத்தால் பக்க இணைப்பு. வோல்ட் 12-லேயே நிற்கும், ஆம்பியர்-மணி இரட்டிக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டை எப்படிக் கோத்தாலும் ஆற்றல் 3,600 வாட்-மணிதான். இணைப்பை மாற்றினால் பேட்டரி கூடுதலாக உழைக்கும் என்று விற்கப்படும் எதையும் நம்ப வேண்டியதில்லை.

கனரக டீசல் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 4,800 வாட் வேண்டும் என்று கொண்டால், 12 வோல்ட்டில் 400 ஆம்பியர் பாய வேண்டும். 24-இல் 200 போதும். அதே கேபிளில் வெப்பமாக வீணாவது கால் பங்காகக் குறையும். லாரிக்கு 24 வோல்ட் வைப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் பாட்டுப் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட். அதற்காக இரண்டு பேட்டரியும் சேரும் நடு இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவிடுவது வழக்கம். பாட்டு அன்றே பாடும். சில மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் செல்ஃப் எடுக்காது. இடைப்பட்ட மாதங்களில் நடந்ததுதான் இந்த இணைப்பின் சுவாரசியமான பகுதி.

அண்ணன் தம்பிக்குப் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டு, ஆளுக்குச் சமமாக இட்லி வைப்பதாகக் கொள்ளலாம். பரிமாறுவது பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். தம்பி, அதாவது மைனஸ் பக்கம் இருக்கும் கீழ் பேட்டரி, இரவெல்லாம் பாட்டுப் பெட்டிக்கு உழைத்துப் பசியோடு இருக்கிறான். அண்ணன் சும்மா இருந்தவன். தொடரிணைப்பில் இருவருக்கும் ஒரே மின்னோட்டம். ஒருவனுக்கு மட்டும் கூடுதலாக வைக்க வழியில்லை. போதாக்குறைக்கு, ஓடும்போதும் பாட்டு பாடினால் அந்தப் பெட்டி தம்பியின் இலையிலிருந்தே எடுத்துத் தின்கிறது. பரிமாறுபவருக்குத் தெரிவது மொத்தக் கணக்கு மட்டும். உதாரணமாக, 28.4 வோல்ட் வந்ததும் நிறுத்திக்கொள்வார். தலைக்கு 14.2 இருக்க வேண்டிய இடத்தில், அண்ணன் 15.2-இலும் தம்பி 13.2-இலும் இருப்பார்கள். வயிறு நிரம்பியவன் மேலும் விழுங்க முடியாமல் கக்குகிறான்: தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேற, தகடு வறள்கிறது. பசித்தவனின் தகட்டிலோ ஈய சல்பேட் கரையாத படிகமாக இறுகுகிறது. ஒரு ஒயரால் இரண்டு பேட்டரியும் போகிறது. போனது ஒன்றுதான் என்று எண்ணிப் பழையதோடு புதியதைக் கோத்தாலும் இதே கதைதான். ஜோடியாக மாற்றச் சொல்லும் எலக்ட்ரீஷியன் சரியாகத்தான் சொல்கிறார்.

  

சரியான தீர்வு குறைகடத்தியில் இருக்கிறது. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டருக்குள் ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. அதன் கேட் முனையில் சில வோல்ட் வைத்தால், மெல்லிய ஆக்சைடு படலத்துக்கு அடியில் சிலிக்கானில் எலக்ட்ரான்கள் கூடி வழி திறக்கிறது, எடுத்தால் மூடுகிறது. நொடிக்குப் பல்லாயிரம் முறை இப்படித் திறந்து மூடி, பாதி நேரம் மட்டும் திறந்திருந்தால் சராசரி 12. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அந்தத் துடிப்பைச் சமன் செய்கின்றன. பாட்டுப் பெட்டிக்கு 6 ஆம்பியர் போனால், பேட்டரிகளிலிருந்து 3 ஆம்பியருக்குச் சற்றே கூடுதலாகப் போகும். அதுவும் இரண்டிலிருந்தும் சமமாக.

2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய மின்சாரப் பேருந்துகளுக்கும், தொடராகக் கோத்தவை சமமாக நிரம்பாத இதே சிக்கல் உண்டு. அவற்றில் தொடராக நிற்பவை லித்தியம் செல்கள். அளவுக்கு மீறி ஏறினால் தீப்பிடிக்கக்கூடியவை.  பேருந்தில் ஒவ்வொரு செல் இணைப்பிலிருந்தும் ஒரு மெல்லிய ஒயர் கிளம்புகிறது, மின்சாரம் திருட அல்ல, வோல்ட் பார்க்க. முந்தி நிரம்பும் செல்லின் குறுக்கே சிலிக்கான் சில்லு ஒரு சிறு மின்தடையை இணைத்து, உபரியை வெப்பமாக்கி, மற்ற செல்கள் எட்டும்வரை அதைப் பிடித்து வைக்கிறது.