மார்னர் போயாச்சு... அடுத்து யார்? டொராண்டோ ஹாக்கி அணியின் டிரேட் கணக்கு

கனடாவின் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணி, 2025 ஜூன் 30ஆம் தேதி தன் நட்சத்திர வீரர் மிட்ச் மார்னரை அமெரிக்காவின் வேகாஸ் கோல்டன் நைட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. 2024-25 சீசனில் 27 கோல் அடித்து, இன்னும் 75 கோல்களுக்கு அசிஸ்ட் செய்தவர் மார்னர். இரண்டையும் கூட்டினால் 102 புள்ளிகள். அவருக்குப் பதிலாக டொராண்டோவுக்குக் கிடைத்தது நிக்கோலா ருவா என்ற ஒரே ஒரு வீரர். நல்ல உழைப்பாளி, உயரமானவர், 2023ல் வேகாஸ் கோப்பை வென்றபோது அணியில் இருந்தவர். ஆனால் 2024-25 சீசனில் அவர் எடுத்தது 31 புள்ளிகள்தான்.

102ஐக் கொடுத்து 31ஐ வாங்குவது என்ன வியாபாரம்? உண்மையில் டொராண்டோவுக்கு இதுவே லாபம். ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்த 31கூடக் கிடைத்திருக்காது.

ஒரு நாளில் என்ன மாறியிருக்கும்?

மார்னரின் ஒப்பந்தம் 2025 கோடையோடு முடிந்தது. ஜூலை 1ஆம் தேதி வந்துவிட்டால் அவர் 'ஃப்ரீ ஏஜென்ட்'. எந்த அணியோடும் கையெழுத்துப் போடலாம். பழைய அணிக்கு ஒரு பைசா வராது.

அப்படியென்றால் வேகாஸ் ஏன் ஒரு நாள் காத்திருந்து சும்மா அள்ளிக்கொள்ளவில்லை? இங்கேதான் ஒரு விதி இருந்தது. என்ஹெச்எல் எனப்படும் தேசிய ஹாக்கி லீக்கில், அப்போது சொந்த அணியால் ஒரு வீரருக்கு 8 ஆண்டு ஒப்பந்தம் தர முடிந்தது. வெளி அணியால் 7 ஆண்டுதான் தர முடிந்தது. எனவே மார்னர் முதலில் டொராண்டோவோடு 8 ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே அந்த ஒப்பந்தம் வேகாஸுக்குக் கை மாறியது. ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர், மொத்தம் 9 கோடியே 60 லட்சம் டாலர். அந்த எட்டாவது ஆண்டுக்காக வேகாஸ் கொடுத்த விலைதான் ருவா.

மார்னர் பிறந்தது டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில். ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் அது. உள்ளூர்ப் பையன், சின்ன வயசில் ஆசைப்பட்ட அணிக்கே ஆடியவர். அப்படிப்பட்டவரை ஏன் முன்கூட்டியே நல்ல விலைக்கு மாற்றவில்லை என்பதுதான் டொராண்டோ ரசிகர்களின் ஆற்றாமை.

டிரேடுக்கு வீரர் சம்மதம் வேண்டாமா?

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு டிரேட் புதுசு இல்லை. குஜராத்துக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கித் தந்த ஹர்திக் பாண்ட்யா, 2023 நவம்பரில் மும்பைக்குத் திரும்பியது அப்படித்தான். ஆனால் ஐபிஎல்லில் வீரர் சம்மதிக்காமல் டிரேட் நடக்காது. என்ஹெச்எல்லில் நிலைமை தலைகீழ். சாதாரண வீரரை யாரும் கேட்கப் போவதில்லை. காலையில் ஒரு போன் வரும், சாயங்காலம் வேறு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

விதிவிலக்கு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் 'நோ மூவ்மென்ட்' ஷரத்து. அது இருந்தால் வீரரின் அனுமதி இல்லாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது. பத்து அணி, பதினைந்து அணி என்று பட்டியல் கொடுத்து 'இவர்களிடம் மட்டும் அனுப்பாதே' என்று சொல்லும் சின்னப் பூட்டும் உண்டு. இளம் வீரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஏழு சீசன் ஆடிய பிறகோ 27 வயதை எட்டிய பிறகோதான் கிடைக்கும்.

ஆகவே சீசன் முடிந்ததும் 'யாரை டிரேட் செய்யலாம்' என்று உட்காரும் நிர்வாகம், யார் மோசமாக ஆடினார் என்று மட்டும் பார்ப்பதில்லை. யாரிடம் பூட்டு இருக்கிறது, யாருக்கு எப்போது பூட்டு விழப் போகிறது என்றுதான் முதலில் பார்க்கும். பார்க்க வேண்டும்.

தவறவிட்ட அந்த ஒரு மாசம்

மார்னர் 2019 செப்டம்பரில் போட்ட 6 ஆண்டு ஒப்பந்தத்தில் இந்த முழுப் பூட்டு இருந்தது. ஆனால் அது அமலுக்கு வந்தது 2023 ஜூலை 1 முதல்தான். அதுவரை டொராண்டோ அவரை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் மீதமிருக்கும், 26 வயதான ஒரு முதல்தர வீரர். கேட்ட விலை கிடைத்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து என்ன நடந்தது? 2023 மே மாதம் புளோரிடா பேந்தர்ஸிடம் பிளேஆஃபில் தோற்றார்கள். அதே மாதம் பொது மேலாளர் கைல் டுபாஸ் வெளியேற்றப்பட்டார். மே 31ல் பிராட் ட்ரெலிவிங் புதிதாக வந்தார். நாற்காலி சூடாவதற்குள் ஜூலை 1 வந்துவிட்டது. பூட்டும் விழுந்துவிட்டது.

அதன் பிறகு 2025 மார்ச்சில், டிரேட் கெடு முடியும் நேரத்தில், மிக்கோ ரன்டனனை வாங்க மார்னரைக் கரோலினாவுக்கு அனுப்ப டொராண்டோ முயன்றதாகவும், மார்னர் மறுத்துவிட்டதாகவும் செய்திகள் வந்தன. மறுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. அதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே டொராண்டோதான்.

கோபத்தில் விற்றால்?

மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பையைத் தொட்டது 1967ல். 2025 மே மாதம் புளோரிடாவுக்கு எதிராக 2-0 என முன்னிலையில் இருந்து, கடைசியில் ஏழாவது ஆட்டத்தில் சொந்த மண்ணில் 1-6 என்று தோற்றார்கள். கடுப்பான ரசிகர்கள் சிலர் ஜெர்சியையே ஐஸ் மேல் எறிந்தார்கள். 'எல்லாரையும் தூக்குங்க' என்ற குரல் அப்போதிலிருந்து ஓயவில்லை.

இந்தக் குரலைக் கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு டொராண்டோவிலேயே ஓர் உதாரணம் உண்டு. நாசெம் காத்ரி. 2018, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு பிளேஆஃபிலும் பாஸ்டனுக்கு எதிராக முரட்டு ஆட்டம் ஆடி சஸ்பெண்ட் ஆனார். பொறுமை இழந்த நிர்வாகம் அவரை முதலில் கால்கரிக்கு அனுப்பப் பார்த்தது. காத்ரி தன் பட்டியலைக் காட்டித் தடுத்துவிட்டார். 2019 ஜூலையில் கொலராடோவுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்த முக்கிய வீரர் டைசன் பேரி ஒரே சீசனில் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிட்டார். காத்ரி 2022ல் கொலராடோவோடு ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். இதில் ஒரு வேடிக்கை, அடுத்து அவர் தானாகவே போய்ச் சேர்ந்தது அதே கால்கரிக்கு!

காத்ரியின் சம்பளம் அப்போது ஆண்டுக்கு 45 லட்சம் டாலர். தரத்துக்குக் குறைவான சம்பளம், நீண்ட ஒப்பந்தம். இப்படிப்பட்டவரை எல்லா அணியும் வாங்கத் துடிக்கும். அதனாலேயே விற்கக் கூடாதவரும் அவர்தான்.

பணம் எங்கே இடிக்கிறது?

ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024-25 சீசனில் 8 கோடியே 80 லட்சம் டாலர். 2025-26 சீசனில் 9 கோடியே 55 லட்சம். டொராண்டோவில் கேப்டன் ஆஸ்டன் மேத்யூஸும் வில்லியம் நைலாண்டரும் மட்டுமே சேர்ந்து 2 கோடியே 47.5 லட்சத்தை எடுத்துக்கொண்டார்கள். இருவரிடமும் முழுப் பூட்டு. இருவரையும் விற்க யாரும் நினைக்கவும் இல்லை. 34 வயதான ஜான் டவாரஸ் 1 கோடியே 10 லட்சத்தில் இருந்து சுமார் 44 லட்சத்துக்கு இறங்கி வந்து கையெழுத்துப் போட்டது பெரிய ஆறுதல்.

கையில் சரக்கும் குறைவாகவே இருந்தது. பிற அணிகள் டிரேடில் ஆசையாகக் கேட்பது, புதிய வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டின் முதல் சுற்று வாய்ப்பு. டொராண்டோ 2025, 2026, 2027 மூன்று ஆண்டு வாய்ப்புகளையும் ஏற்கெனவே வேறு டிரேடுகளில் கொடுத்துவிட்டிருந்தது. யாரையாவது வாங்க வேண்டும் என்றால் ஆளைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்போ, அடுத்து யார்?

2025 கோடையில் அடிக்கடி அடிபட்ட பெயர்கள் டேவிட் காம்ப், காலே யார்ன்க்ரோக். காம்புக்கு 24 லட்சம் டாலர், அப்போது இரண்டு சீசன் பாக்கி இருந்தது. பிளேஆஃபில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். யார்ன்க்ரோக்குக்கு 21 லட்சம், ஒரே சீசன் பாக்கி இருந்தது, ஆனால் 2024-25 சீசனில் காயத்தால் பெரும்பகுதி ஆடவில்லை. இருவரையும் அனுப்பியிருந்தால் பெரிதாக எதுவும் வந்திருக்காது, சம்பளத்தில் இடம் மட்டும் மிச்சமாகியிருக்கும். தேவைப்பட்டால் சம்பளத்தில் பாதி வரை டொராண்டோவே ஏற்றுக்கொண்டு அனுப்பியிருக்கலாம், விதி இடம் தருகிறது. இருவரில் யார்ன்க்ரோக்கைத் தள்ளிவிடுவது சுலபமாக இருந்தது, ஒரு வருஷச் சுமை என்றால் வாங்குபவர் யோசிக்க மாட்டார்.

உண்மையான முடிவு தேவைப்பட்டது நிக் ராபர்ட்சன் விஷயத்தில். அப்போது வயது 23, 2024-25 சீசனில் 15 கோல், பூட்டு எதுவும் கிடையாது. அப்போதைய பயிற்சியாளர் கிரெய்க் பெருபேயின் அணியில் நிரந்தர இடமும் இருக்கவில்லை. 2024லேயே அவர் தன்னை வேறு அணிக்கு அனுப்பச் சொன்னதாகச் செய்தி வந்தது. 2025 கோடையில் சம்பளத்துக்காக நடுவர் மன்றத்தை நாடினார். இன்னொரு சீசன் ஓரத்தில் உட்கார வைத்தால் அவருடைய விலை இன்னும் இறங்கும் என்ற நிலை. விற்பதாக இருந்தால் அந்தக் கோடைதான் சரியான நேரமாக இருந்தது. வைத்துக்கொள்வதாக இருந்தால் ஆட விட வேண்டியிருந்தது. மார்னர் போன இடத்தில் யாராவது கோல் அடித்துத்தானே ஆக வேண்டும்?

கோல் கீப்பர் அந்தோனி ஸ்டோலார்ஸுக்கும் அப்போதைய ஒப்பந்தத்தில் 2025-26தான் கடைசி ஆண்டு. 25 லட்சம் டாலருக்கு இவ்வளவு நல்ல கீப்பர் வேறு எங்கும் கிடைத்திருக்க மாட்டார். அவரை விற்றிருந்தால் அது பைத்தியக்காரத்தனம். புது ஒப்பந்தத்தைச் சீசனுக்கு முன்பே பேசி முடிக்காவிட்டால், 2026 ஜூனில் மார்னர் கதை இன்னொரு முறை ஓடும் என்ற அபாயம் இருந்தது.

மிச்சம் இருந்தவர் மார்கன் ரெய்லி. அப்போதைய அணியிலேயே அதிக காலம் டொராண்டோவுக்கு ஆடிய தடுப்பாட்டக்காரர். அப்போது வயது 31. ஆண்டுக்கு 75 லட்சம் டாலர், 2030 வரை ஒப்பந்தம். 2024-25 சீசனில் வேகம் குறைந்துவிட்டது என்ற பேச்சு இருந்தது. மேத்யூஸையும் நைலாண்டரையும் தொட முடியாது என்றால், அணியை நிஜமாகவே மாற்றக்கூடிய பெரிய தொகை இவரிடம்தான் இருந்தது. ஆனால் இவரிடமும் முழுப் பூட்டு. ட்ரெலிவிங் எத்தனை அணிகளோடு பேசினாலும், கடைசியில் ரெய்லியின் வீட்டுக் கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் பயிற்சி முகாம் தொடங்குவதற்குள் தட்டுவாரா என்பதைத்தான் டொராண்டோ அப்போது பார்த்துக்கொண்டிருந்தது.