பெங்களூரில் கிளம்பிய பூமாலை

இலங்கைக்குப் படை அனுப்பியதில் இந்தியா கொடுத்த விலை

1987-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. பெங்களூரில் இருந்து 5 ஏ.என்.32 ரக விமானங்கள் கிளம்பின. உள்ளே இருந்தது குண்டு அல்ல. உணவும் மருந்தும், சுமார் 25 டன். துணைக்கு மிராஜ் போர் விமானங்கள் சென்றன. அன்று மாலை யாழ்ப்பாணத்து மக்களுக்காக அவை பாராசூட்டில் இறங்கின.

முந்தின நாள்தான், இந்தியா படகுகளில் அனுப்பிய நிவாரணப் பொருள்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பி இருந்தது. அதற்குப் பதில்தான் இந்த விமானப் பயணம். அதற்கு வைத்த பெயர் 'பூமாலை'.

பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போட்டதை யார் குறை சொல்ல முடியும்? தமிழர்களின் மனம் குளிர்ந்தது. ஆனால் அடுத்து நடந்தது வேறு.

மாலை போட்டவர்களே...

ஜூலை 29-ந் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். உடனே அமைதிப்படை இலங்கையில் இறங்கியது. சண்டை நிறுத்தத்தைக் காப்பதும், போராளிகளிடம் ஆயுதங்களை வாங்குவதும் அதன் வேலை. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள்.

அந்த மகிழ்ச்சி 3 மாதம்கூட நீடிக்கவில்லை. செப்டம்பர் 26-ந் தேதி உண்ணாவிரதம் இருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் 5-ந் தேதி, பிடிபட்டிருந்த விடுதலைப்புலிகளில் 12 பேர் சயனைடு தின்று இறந்தார்கள். சில நாட்களில் போர் மூண்டது. முன்பு இந்தியா பயிற்சி கொடுத்த புலிகளே இப்போது எதிரிகள்!

அக்டோபர் 11-ந் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய வீரர்கள் 30 பேர். உயிர் பிழைத்தவர் ஒருவரே.

அதே மாதம் தீபாவளி சமயத்தில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என 60-க்கும் மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தனர். இரு தரப்பு சண்டையில் சிக்கினார்கள் என்றது ராணுவம். தப்பியவர்கள் அதை மறுத்தார்கள். போட்ட மாலை வாடும் முன்பே உறவு முறிந்தது.

அல்சூர் தம்பிகள்

அல்சூர் ஏரி பக்கம் போகிறவர்களுக்கு மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் முகாமைத் தெரியும். அந்த வீரர்களுக்கு ராணுவத்தில் 'தம்பி' என்றே பெயர். கண்ணிவெடி அகற்றுவதும், பாலம் போடுவதும் அவர்கள் தொழில். அவர்களும் இலங்கைக்குப் போனார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டு வீரர்களும் போனார்கள். சுடுகிறவனும் 'அம்மா' என்றான். சுடப்பட்டவனும் 'அம்மா' என்றான்.

பம்பாயில் பிறந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ந் தேதி உயிர் நீத்தார். மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டவர் அவர். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவரையும் சேர்த்து இறந்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர். காயம் அடைந்தவர்கள் பல ஆயிரம்.

நன்றி சொல்ல யாரும் இல்லை

1989-ல் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசாவே படையை வெளியேறச் சொன்னார். அந்தப் படையை எதிர்க்கப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். 1990 மார்ச் 24-ந் தேதி கடைசி வீரர்கள் திரிகோணமலையில் கப்பல் ஏறினார்கள். சென்னைக்குத் திரும்பிய படையை வரவேற்க, தமிழக முதல்-அமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. சிங்களருக்கும் வேண்டாம், தமிழருக்கும் வேண்டாம் என்ற நிலையில் திரும்பி வந்த படை அது.

கணக்கு அதோடு தீரவில்லை. 1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்தச் சதியில் தேடப்பட்ட சிவராசன் கூட்டத்தார், ஆகஸ்டு 20-ந் தேதி போலீசார் சுற்றி வளைத்த ஒரு வீட்டில் பிணமாகக் கிடந்தனர். இடம் பெங்களூர் கோணனகுண்டே. பூமாலை கிளம்பிய ஊருக்கே அந்தக் கதையின் முடிவும் வந்து சேர்ந்தது.

எப்போது போகலாம்?

எல்லாப் படையெடுப்பும் இப்படி முடிவதில்லை. 1971-ல் வங்காளதேசத்தில் போர் முடிந்தது; அடுத்த மார்ச்சுக்குள் இந்தியப் படை வெளியேறியது. 1988 நவம்பரில் மாலத்தீவு அரசைக் காக்கப் போன வீரர்களும் வந்த வேலையை விரைவில் முடித்தார்கள். என்ன வேலை, எப்போது திரும்புவது என்பது அங்கே தெளிவாக இருந்தது.

இலங்கையில் அது இல்லை. காவல் காக்கப் போன படை, போர் செய்யும் படையாக மாறியது. வியட்நாமில் 58,000 பேரை இழந்த அமெரிக்காவும், ஆப்கானிஸ்தானில் சுமார் 15,000 பேரை இழந்த ரஷியாவும் படித்த பாடமும் இதுவே. நுழைவது எளிது, வெளியே வருவதுதான் கடினம்.

கொழும்பு அருகே கோட்டேயில், இறந்த இந்திய வீரர்களுக்கு நினைவுச்சின்னம் உள்ளது. தலைவர்கள் அங்கே மலர் வளையம் வைக்கிறார்கள். அந்த வீரர்களின் வீடுகளிலோ சுவரில் ஒரு படம், மாதா மாதம் பென்ஷன், அவ்வளவுதான்.

அடுத்த முறை 'படையை அனுப்பு' என்ற குரல் எழும்போது, 'எதற்காக? எத்தனை நாளைக்கு?' என்று கேட்பது தேசத்துரோகம் அல்ல. பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு.