நீர்மட்ட அளவுகோலும் அதன் பூச்சியமும்

குளத்தில் எவ்வளவு நீர் உண்டென்பதை அறியாது சிறுபோகத்தில் இறங்கும் கமக்காரர் நட்டமடைவர். துருசின் அருகே நாட்டப்பட்ட அளவுகோல் காட்டும் அடிக்கணக்கைக் கொண்டே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது மதிப்பிடப்படுகின்றது. ஆயினும், அவ்வளவுகோலின் பூச்சியம் சரியான இடத்தில் உள்ளதா என்பதைக் கருதுவோர் சிலரே. பூச்சியம் பிழைத்தால் அளவு முழுவதும் பிழைக்கும். இதற்கு வட அமெரிக்காவின் பேரேரிகள் தக்க சான்றாகும்.

நிலம் எழும் ஏரிகள்

சுப்பீரியர், மிச்சிக்கன், ஹூரன், ஈரி, ஒன்ராறியோ என்பன அப்பேரேரிகளாம். முற்காலத்தில் அப்பிரதேசத்தை மூடியிருந்த தடித்த பனிக்கட்டியின் பாரத்தால் நிலம் அமிழ்ந்தது. பனிக்கட்டி உருகிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்தும் நிலம் இன்னும் மெல்ல எழுந்து கொண்டிருக்கின்றது. வட பகுதி விரைந்து எழுகின்றது. தென் பகுதி பின்தங்குகின்றது. ஒரே ஏரியின் இரு கரைகளுக்கிடையே நூறாண்டில் ஓரடிக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டாகும் இடங்களும் உள. கரையுடன் அளவுகோலும் எழுவதால், நீர் குறையாதிருந்தும் அங்கு குறைந்ததுபோல் தோன்றும்.

ஆதாரமட்டத்தைப் புதுப்பித்தல்

இப்பிழையை நீக்கக் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் பொதுவான ஓர் ஆதாரமட்டத்தை வகுத்து, ஏறக்குறைய 25 முதல் 35 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைத் திருத்தி வருகின்றன. முதலாவது 1955 ஆம் ஆண்டின் பெயரால் வழங்கிற்று. அடுத்தது 1985 ஆம் ஆண்டுக்குரியது. 1992 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் பூச்சியம் கியூபெக் மாகாணத்து றிமூஸ்கியில் நிறுவப்பட்டது. மூன்றாவதான 2020 ஆம் ஆண்டு ஆதாரமட்டத்திற்கு 2017 முதல் 2023 வரையான அளவீடுகள் அடிப்படையாகும். செய்மதிகளின் துணையும் இதற்குக் கொள்ளப்பட்டது.

சுப்பீரியர் ஏரியின் தாழ்நீர்மட்டக் குறி பழைய கணக்கில் 600 அடி. 1985 ஆம் ஆண்டுக் கணக்கில் 601.1 அடி. ஏரியில் ஒரு துளி நீரும் கூடவில்லை, கணக்கே மாறிற்று. இதனை அறியாது பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடுபவர் ஏமாறுவர்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

எமது குளங்களில் நிலம் அவ்வாறு எழுவதில்லை. எனினும் வெள்ளத்தாலும், அணைக்கட்டைத் திருத்தும் வேலையாலும் அளவுகோல் சாயலாம், அமிழலாம், இடம் மாறலாம். ஆதலால்:

1. அளவுகோலை எவரும் தாமாகப் பிடுங்கி நாட்டுதல் கூடாது. சாய்ந்திருக்கக் கண்டால் நீர்ப்பாசன உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும்.

2. அசையாத கற்பாறையிலோ துருசின் கட்டிலோ மட்டக்குறி ஒன்று இருத்தல் நன்று. மழைக்கு முன் ஆண்டுதோறும் அளவுகோலை அக்குறியுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

3. அளவுகோல் புதுப்பிக்கப்பட்டால், திகதியையும் பழைய, புதிய அளவுகளின் வித்தியாசத்தையும் கமக்காரர் சங்கப் புத்தகத்தில் பதிதல் அவசியம்.

ஓரடிப் பிழை சிறிதெனத் தோன்றலாம். இல்லாத நீரை உண்டென நம்பி விதைத்த வயலோ, கதிர் வரும் தறுவாயிற் காய்ந்துபோம்.