பதிப்புக்கு முன் ஒரு பரீட்சை

நான் வசிக்கும் அம்பத்தூரின் தொழிற்பேட்டையில், கடைசல் பொறியில் கடைந்த உருளையை அளந்து பாராமல் வெளியே அனுப்பமாட்டார்கள். கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகளுக்கும் அத்தகைய பரீட்சை உண்டு.

1991-இல் வெளிவந்த பைத்தான் மொழியின் மூலநிரல் யாவரும் காணத் திறந்திருப்பது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் ‘எழில்’ அதன்மீது எழுப்பப்பட்டதுதான். அடித்தளம் அசைந்தால் மேல்மாடியும் ஆடுமன்றோ? ஆகவே, பல நாட்டார் அனுப்பும் திருத்தங்களை லினக்ஸ், விண்டோஸ், மேக் கணினிகள் தாமாகவே தொகுத்து, ஆயிரக்கணக்கான சோதனைகளை நடத்துகின்றன. ஓரிடத்தில் தேறியது மற்றோரிடத்தில் தவறுவதுண்டு.

2020 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் புதுப் பதிப்பு வருகிறது. மே மாத வாக்கில் முதல் பீட்டா முன்னோட்டம் வந்தபின் புதிய வசதி எதனையும் சேர்ப்பதில்லை. பிழை களைவது மட்டுமே வேலை. இதற்கெல்லாம் வெளியீட்டுப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். ‘பொறுங்கள்’ என்று சொல்வதே அவருடைய கடினமான பணி என்பேன்.

3.13-ஆம் பதிப்பு 2024 அக்டோபர் 1 அன்று வரவேண்டியது. நினைவகத்தைத் துப்புரவு செய்யும் முறையில் புகுத்திய மாற்றம் சோதனைகளில் தேறியிருந்தும், சில நிரல்களை மிகவும் மெதுவாக்கியது கடைசி நேரத்தில் தெரிந்தது. அம்மாற்றத்தை விலக்கி, குறித்த நாளில் மற்றுமொரு முன்னோட்டத்தையே வெளியிட்டனர். உண்மைப் பதிப்பு அக்டோபர் 7-இல் வந்தது.