சிறுநீரகப் புற்றுநோய்: எந்த டெஸ்ட் எதைச் சொல்லும்?



மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிக் குழுக் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். கிட்னியில் வரும் புற்றுநோய் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. வீட்டில் ஒருவருக்கு அது வந்துவிட்டால், "ஆள் பிழைச்சிருவாங்களா? எவ்வளவு செலவாகும்?" என்ற இரண்டு கேள்விதான் முதலில் வரும். அப்போது யாராவது, "புதுசா ஒரு டெஸ்ட் இருக்காம், அதை எடுத்தா எல்லாம் தெரிஞ்சிருமாம்" என்பார்கள். உடனே நகை அடகுக்குப் போகும். அப்படிப் போவதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

உடம்பின் காவல்

நம் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள்தான் உடம்புக்குக் காவல். அவற்றில் 'டி செல்' என்று ஒரு வகை உண்டு. கெட்டுப்போன செல்களைத் தேடிப்பிடித்து அழிப்பது அதன் வேலை. அது நல்ல செல்லையும் தாக்கிவிடாமல் இருக்க, அதன் மேல் 'பி.டி.-1' என்ற ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த தசுக்கு ஹோஞ்சோவின் குழு இதை 1992ல் கண்டுபிடித்தது.

திருட வருகிறவன் என்ன செய்வான்? காவல் நாய்க்குப் பொறையைப் போட்டு வாயை அடைப்பான். புற்றுநோய் செல்லும் அதைத்தான் செய்கிறது. 'பி.டி.எல்.-1' என்ற புரதத்தைக் காட்டி டி செல்லை அடக்கிவிடுகிறது.

அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 196 சிறுநீரகப் புற்றுநோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து 2004ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தப் புரதம் அதிகமாக இருந்தவர்கள் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு, குறைவாக இருந்தவர்களைவிட சுமார் 4.5 மடங்கு. நோயின் போக்கை முன்கூட்டியே சொல்லும் இப்படிப்பட்ட அடையாளங்களைத்தான் 'மார்க்கர்' என்கிறார்கள்.

இந்த வாய்க்கட்டை அவிழ்க்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. அதில் நிவோலுமாப் என்ற மருந்துக்கு, முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்காக 2015ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹோஞ்சோவுக்கும் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியைக் காட்டியதற்காகத்தான். ஆனால் கட்டவிழ்த்த நாய் சில நேரம் வீட்டாரையும் கடிக்கும். குடல், நுரையீரல், தைராய்டு, தோல் ஆகியவற்றில் அழற்சி வரலாம். அதனால் டாக்டரின் கண்காணிப்பு அவசியம்.

அப்போ அந்த டெஸ்டை எடுத்துரலாமா?

அவசரப்பட வேண்டாம். ஒரே கட்டியில் ஒரு பக்கம் இந்தப் புரதம் இருக்கும், இன்னொரு பக்கம் இருக்காது. புரதம் இல்லாதவர்களுக்கும் மருந்து வேலை செய்வதுண்டு. அதனால் சிறுநீரகப் புற்றுநோயில் இந்த ஒரு டெஸ்டை மட்டும் வைத்து டாக்டர்கள் சிகிச்சையை முடிவு செய்வதில்லை.

நோய் கிட்னிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே பரவிவிட்டதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. கிட்னிக்குள் இருக்கும்போதே ஆபரேஷன் செய்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம். பரவியவர்களுக்கு, 2009ல் வெளியான ஒரு கணக்கை உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் ஆறு விஷயங்கள்:

1. நோய் தெரிந்து ஓராண்டுக்குள்ளேயே மருந்து சிகிச்சை தேவைப்படுவது
2. தன் வேலையைத் தானே செய்ய முடியாத பலவீனம்
3. ரத்த சோகை
4. ரத்தத்தில் கால்சியம் கூடுதல்
5. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு கூடுதல்
6. பிளேட்லெட் என்ற தட்டணு கூடுதல்

ஒன்றும் இல்லையென்றால் நல்ல நிலை. ஒன்று, இரண்டு இருந்தால் நடுத்தரம். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கவனம் அதிகம் தேவை. இதில் நான்கு விஷயங்கள் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். ஆனால் எந்தக் கணக்கும் ஜாதகம் அல்ல. நூறு பேரில் பொதுவாக என்ன நடக்கும் என்றுதான் சொல்லும், நம் வீட்டு ஆளுக்கு இதுதான் நடக்கும் என்று சொல்லாது.

நாம் செய்ய வேண்டியது

மூத்திரம் சிவப்பாகப் போனால், "சூடு பிடிச்சிருக்கு, இளநீ குடிச்சா சரியாயிரும்" என்று விட்டுவிடுகிறோம். மாதவிடாய் நின்ற பிறகும் "அதுவாத்தான் இருக்கும்" என்று சும்மா இருக்கிறோம். கல், நீர்க்கடுப்பு போன்ற காரணங்களாலும் ரத்தம் வரும், பயம் வேண்டாம். ஆனால் வலியே இல்லாமல் ரத்தம் வந்து, தானாக நின்றுபோனாலும் காட்டியே ஆக வேண்டும். விலாவில் விடாத வலி, கட்டி, காரணமில்லாத எடை குறைவு இருந்தாலும் அப்படித்தான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டுங்கள். மேல் சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பீடி, சிகரெட், அதிக எடை, ரத்தக் கொதிப்பு ஆகியவை இந்த நோய்க்கு வழி திறக்கும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும். அட்டை இல்லாத உறுப்பினர்கள் இப்போதே வாங்கிவிடுங்கள், நோய் வந்தபின் அலைய வேண்டாம்.

பெரிய டெஸ்டுக்குக் கடன் கேட்டு ஒரு சகோதரி குழுவுக்கு வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். கூட ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "நோய் எந்த நிலையில் இருக்கு? இந்த டெஸ்ட் முடிவால சிகிச்சை மாறுமா? இது காப்பீட்டில் வருமா?" சிகிச்சை மாறாது என்றால், அந்தப் பணம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் பஸ் செலவுக்கும் ஆகட்டும்.