ஆகாயத்தில் சம்பளம், பூமியில் வாடகை!

செவ்வாய்க்கிழமை காலையில் மதகடிப்பட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா, நேயர்களே? புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் இருக்கிறது. அன்றைக்கு அங்கே மாட்டுச் சந்தை. துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே தரகர்கள் விலை பேசி முடிக்கிற அழகைப் பார்க்கத்தான் நான் போனேன். அங்கே போய் விமானியின் சம்பளத்தைப் பற்றிப் பேச நேரும் என்று யார் கண்டது?

டீக்கடை பெஞ்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் ஆரம்பித்தார்.

"தம்பி பத்திரிகைக்காரரா? அப்போ ஒரு கணக்குச் சொல்லுங்க. என் பேரன் ஏரோப்ளேன் ஓட்டறான். துபாயிலே கூப்பிடறாங்களாம். போகலாமா?"

பேரன் விமானியாவதற்கு ஒரு காணி நிலம் போயிருக்கிறது. நம் நாட்டில் வர்த்தக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பிறகு குறிப்பிட்ட ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி. எல்லாம் சேர்ந்து அரைக் கோடியைத் தாண்டிவிடும். ஆகவே, பெரியவர் கேட்டது வெறும் ஊர்வம்பு அல்ல; அது போன நிலத்தின் கேள்வி.

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டிருப்பதால் அதன் மதிப்பும் ஆட்டம் காண்பதில்லை. இதைச் சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்தது. வாடகைக்கு வந்தேன், மலர்ந்த முகம் சுருங்கியது!

அங்கே வாடகை ஒப்பந்தம் வருஷக் கணக்கில். பின்தேதியிட்ட செக்குகளாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வருஷத்துக்கு 1,20,000 திர்ஹாம், நான்கு செக் என்று வைத்துக்கொள்வோம். முதல் செக் 30,000. முன்பணம் நூற்றுக்கு 5 வீதம் 6,000. தரகருக்கும் வழக்கமாக அதே 6,000. ஆக, பாய் விரித்துப் படுக்கும் முன்பே 42,000 திர்ஹாம். திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்றால் ஒன்பதரை லட்சத்துக்கு மேல்! இது போதாதென்று வாடகையில் நூற்றுக்கு 5 வீதத்தை நகரசபை மின்சார பில்லோடு சேர்த்து மாதா மாதம் வசூலித்துக்கொள்ளும். வெளிநாட்டார் குழந்தைகள் பெரும்பாலும் தனியார் பள்ளியில்தான் படிக்க வேண்டும். அந்தச் சம்பளம் வேறு.

"மாட்டுத் தரகே தேவலாம் போலிருக்கே!" என்றார் பெரியவர்.

எமிரேட்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் விமானிக்கு வீடோ, வீட்டுப்படியோ தருகின்றன. பிள்ளைகள் படிப்புக்கும் உதவி உண்டு. அது இருந்தால் மிச்சம் பிடிக்கலாம். இல்லாவிட்டால், பெரிய சம்பளமும் நகரத்தின் வாய்க்குள்தான் போகும்.

பெரியவர் விடவில்லை. "எங்கப்பா சைகோன்லே பட்டாளத்திலே இருந்தவரு. சாகிற வரைக்கும் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வந்தது. இவனுக்கு வருமா?"

வராது. அங்கே உள்ளது பணிக்கொடைதான். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் 30 நாள். வேலை போனால், குடியிருப்பு அனுமதியும் பெரும்பாலும் கூடவே போய்விடும். 2020-இல் கொரோனா வந்தபோது எமிரேட்ஸ் உள்படப் பல நிறுவனங்கள் விமானிகளை வீட்டுக்கு அனுப்பின. உள்ளூர் மட்டும் உத்தரவாதமா என்ன? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, மாதக்கணக்கில் சம்பளம் பார்க்காத விமானிகள் இந்தியாவிலேயே இருந்தார்கள்.

நினைத்தவுடன் கிளம்பவும் முடியாது. 2017-இல் வந்த விதி, துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருஷமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றது.

பெரியவர் சிறிது நேரம் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாடகை கம்பெனி தலையிலா, நம்ம தலையிலா? அதை முதல்லே எழுத்திலே வாங்கச் சொல்றேன்" என்று செல்போனை எடுத்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேரன் எடுக்கவில்லை.

"மேலே இருக்கான் போல" என்று போனை மடியில் செருகிக்கொண்டு, மாடு பார்க்க எழுந்து போய்விட்டார்.