வூடு: ஹெயிட்டிப் பெண்களின் மதமும் அவர்கள் மீது விழும் பழியும்

'வூடு' என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலானோருக்கு ஞாபகம் வருவது ஊசி குத்திய துணிப் பொம்மையும், புதைகுழியிலிருந்து எழுந்து நடக்கும் பிணமும்தான். தமிழில் எழுதுவோரும் இதனைப் 'பில்லி சூனியம்' என்று சுருக்கமாக மொழிபெயர்த்துவிட்டு அப்பால் போய்விடுகின்றனர். சமூகவியல் பட்டப்படிப்பில் மதம் பற்றிய பாடத்துக்காக நான் வாசித்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த வூடுதான். பெண்கள் ஆண்களுக்குச் சமமாகக் குருவாக இருக்கக்கூடிய மதம் இது. அதேவேளை, 'சூனியம் செய்தாள்' என்ற ஒரு சொல்லுக்காகப் பெண்கள் உயிரிழக்கும் நாட்டின் மதமும் இதுவே. இரண்டையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

கரீபியன் கடலிலுள்ள ஹெயிட்டி, பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த குடியேற்ற நாடாக இருந்தது. அத்தோட்டங்களில் வேலை செய்வதற்காக மேற்கு ஆபிரிக்காவிலிருந்தும் கொங்கோவிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். இன்று பெனின் என அழைக்கப்படும் நாட்டின் ஃபொன் மொழியில் 'வொடுன்' என்றால் தெய்வம் அல்லது ஆவி என்று பொருள். 1685ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் அடிமைகள் அனைவரும் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெறவேண்டும் என்று விதித்தது. அவர்களும் பெற்றார்கள். ஆனால், புனிதர்களின் படங்களில் தம் தெய்வங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். பாம்புகளை விரட்டிய புனித பத்திரிசியாரின் படம் பாம்புத் தெய்வமான டம்பலாவின் படமாயிற்று. எசமானின் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, கும்பிட்டவரின் மனதில் இருந்தது இன்னொன்று. ஹெயிட்டியர் அனைவரும் கத்தோலிக்கர் அல்லது புரட்டஸ்தாந்தர், ஆனால் நூற்றுக்கு நூறு பேரும் வூடுகாரர் என்று அந்நாட்டில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

1791 ஓகஸ்ட் மாதத்தில் புவா கைமான் என்ற காட்டில் இரவில் நடந்த வூடு வழிபாட்டோடுதான் அடிமைகளின் கிளர்ச்சி தொடங்கியது என்பது அந்நாட்டவரின் வரலாற்று நினைவு. அதனை முன்னின்று நடத்தியவர்களாகப் புக்மன் என்ற ஆணும், செசில் ஃபாட்டிமான் என்ற பெண் குருவும் நினைவுகூரப்படுகின்றனர். என்ன நடந்தது என்பதில் வரலாற்றாசிரியரிடையே விவாதம் உண்டு. ஆனால், 1804 ஜனவரி 1ஆம் திகதி ஹெயிட்டி சுதந்திர நாடாயிற்று என்பதில் விவாதம் இல்லை.

வூடுவில் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கடவுள் உண்டு. அவர் தொலைவில் இருப்பவர். அன்றாடக் கவலைகளைக் கேட்பவர்கள் 'ல்வா' எனப்படும் தெய்வங்களே. வழிபாடு தொடங்கும்போது சோளமாவினால் நிலத்தில் அத்தெய்வத்துக்குரிய கோலம் இடப்படும். முதலில் வழிதிறக்கும் லெக்பாவை அழைப்பார்கள். பின்னர் மேளம், பாட்டு, ஆட்டம். அவ்வேளையில் ஒருவர் மீது தெய்வம் உருவேறும். உருவேறியவரைத் தெய்வத்தின் 'குதிரை' என்பார்கள். பெண் மீது ஆண் தெய்வமும் ஏறலாம், ஆண் மீது பெண் தெய்வமும் ஏறலாம். பெண் குருவுக்கு 'மாம்போ' என்றும் ஆண் குருவுக்கு 'ஊங்கான்' என்றும் பெயர். கோயிலின் நடுவே நிற்கும் தூண் வழியாகத்தான் தெய்வங்கள் இறங்கி வருகின்றன. அதன் பெயர் 'போட்டோ மிட்டான்'. ஹெயிட்டியில் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களையும் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். (பட்டம் கொடுப்பது சுலபம், சுமையைப் பகிர்வதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றியது.)

மாம்போ என்பவள் பூசை செய்பவள் மட்டுமல்ல. மூலிகை தெரிந்தவள், பிணக்குத் தீர்ப்பவள், கணவன் விட்டுப்போனவளும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவளும் முதலில் தட்டுவது அவளுடைய கதவைத்தான். வைத்தியரும் நீதிமன்றமும் எட்டாத இடத்தில் இந்த வேலையை யாரோ ஒருவர் செய்துதானே ஆகவேண்டும்? அமெரிக்கப் பேராசிரியையான கரன் மக்கார்த்தி பிரவுண், நியூயோர்க்கின் புரூக்ளினில் வாழ்ந்த ஹெயிட்டிய மாம்போ ஒருவரோடு பல்லாண்டுகள் பழகி எழுதிய 'மாமா லோலா' என்ற நூல் 1991இல் வெளிவந்தது. ஒரு சமூக சேவகியின் நாட்குறிப்பை வாசிப்பது போலவே எனக்கு அது இருந்தது.

பெண் தெய்வங்களில் இருவரைக் குறிப்பிட்டாக வேண்டும். இருவரின் பெயரும் எசிலிதான். எசிலி ஃபிரேடா அழகி. இளஞ்சிவப்பு உடை, வாசனைத் திரவியம், நகை என்று கேட்பாள். எல்லாம் கொடுத்தாலும் இறுதியில் அழுதுகொண்டே போவாள். எசிலி டன்டோர் அப்படியல்ல. கன்னத்தில் வெட்டுத் தழும்பு, கையில் பிள்ளை, இடுப்பில் கத்தி. கணவனில்லாமல் உழைத்துப் பிள்ளை வளர்ப்பவள். அவளுக்குரிய படம் போலந்து நாட்டின் செஸ்டகோவா கறுப்பு மாதாவினுடையது. நெப்போலியன் அனுப்பிய போலந்துச் சிப்பாய்களுடன் அது வந்து சேர்ந்தது என்று சொல்லப்படுகிறது. விடுதலைப் போரில் டன்டோரும் போரிட்டாளாம்; இரகசியத்தை வெளியிட்டுவிடுவாளோ என்ற பயத்தில் அவளுடைய சொந்த ஆட்களே அவள் நாக்கை அறுத்துவிட்டார்களாம். அதனால், அவள் உருவேறியவர் பேசமாட்டார். தொண்டையிலிருந்து 'கே, கே, கே' என்ற சத்தம் மட்டுமே வரும். சுற்றியிருப்பவர்கள் அதற்குப் பொருள் சொல்வார்கள். பெண்ணின் வாயை அடைத்தது எதிரியல்ல, கூட நின்றவர்களே என்று ஒரு மக்கள் கூட்டம் தன் தெய்வக் கதையிலேயே சொல்லி வைத்திருக்கிறது.

தெய்வத்தோடு கலியாணம் செய்துகொள்ளும் வழக்கமும் உண்டு. மோதிரம் மாற்றி, சான்றிதழ் எழுதி, வாரத்தில் ஓரிரவைத் தெய்வத்துக்கு ஒதுக்குவார்கள். அன்றிரவு கணவனோடு படுப்பதில்லை. 'வேண்டாம்' என்று சொல்ல உரிமையற்ற ஒரு பெண்ணுக்கு இந்த இரவு எவ்வளவு பெறுமதியானது என்பதை, குடும்பப் பிணக்குகளோடு தினமும் வேலை செய்யும் எனக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஒடுக்கப்பட்ட பெண்கள் உருவேறுதல் மூலம் தம் குறைகளைச் சொல்லிக் கொள்கிறார்கள் என்று மானிடவியலாளர் ஐ. எம். லூயிஸ் 1971இல் எழுதினார். ஆனாலும், உருவேறினால்தான் பேசலாம் என்பதை முழு விடுதலை என்று என்னால் ஏற்கமுடியவில்லை.

பொம்மையில் ஊசி குத்துவது ஹெயிட்டிய வூடுவின் வழிபாடு அல்ல. உருவப் பொம்மை செய்து ஏவல் விடும் வழக்கம் ஐரோப்பாவிலேயே பழையது. அமெரிக்கப் படைகள் 1915 முதல் 1934 வரை ஹெயிட்டியை ஆக்கிரமித்திருந்த காலத்தில்தான் 'காட்டுமிராண்டி வூடு' என்ற பிம்பம் புத்தகங்கள் வழியாகவும், 1932இல் வெளிவந்த 'வைட் ஸொம்பி' போன்ற படங்கள் வழியாகவும் உலகெங்கும் பரவியது. ஹெயிட்டியர் ஸொம்பியைக் கண்டு பயப்படுவதில்லை. ஸொம்பியாக ஆக்கப்பட்டு விடுவோமோ என்றே பயப்படுகின்றனர். செத்த பின்னரும் எசமானுக்கு உழைக்க வேண்டியிருக்கும் என்பது அடிமையின் பயமல்லவா? ஒருவரை இறந்தவர் போல மயங்கச் செய்யும் பொருளைக் கொடுப்பதை நஞ்சூட்டலாகக் கருதும் பிரிவு அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் உண்டு. தீமைக்காக மந்திரம் விற்கும் 'போகோர்' என்போரும் இருக்கின்றனர். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

வூடு மீதான ஒடுக்குமுறையும் நீண்டது. 1941, 1942ஆம் ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் ஆதரவுடன் நடத்திய இயக்கத்தில் மேளங்கள் எரிக்கப்பட்டன, புனித மரங்கள் தறிக்கப்பட்டன, வூடுவைக் கைவிடுவதாக மக்கள் சத்தியம் செய்விக்கப்பட்டனர். சர்வாதிகாரி பிரான்சுவா டுவாலியே வூடுவைத் தன் பயமுறுத்தலுக்குப் பயன்படுத்திக்கொண்டார். அவருடைய மகனின் ஆட்சி 1986இல் வீழ்ந்தபோது அதற்கான பழியைச் சுமந்து உயிரிழந்தவர்களில் பல வூடு குருமாரும் அடங்குவர். 2003 ஏப்ரலில்தான் ஜனாதிபதி அரிஸ்டிட் வூடுவைச் சட்டபூர்வமான மதமாக அங்கீகரித்தார். பதிவு செய்துகொண்ட மாம்போ நடத்திவைக்கும் திருமணம் சட்டப்படி செல்லும் என்ற நிலை அதன் பின்னரே வந்தது.

2010 ஜனவரி 12இல் பெரும் பூமியதிர்ச்சி. மறுநாளே, பிசாசோடு செய்த ஒப்பந்தத்தின் பலன் இது என்று அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகரான பட் ரொபர்ட்சன் பேசினார். அதே ஆண்டு ஒக்டோபரில் கொலரா பரவியது. நோயைப் பரப்பும் தூளைத் தூவுகிறார்கள் என்ற வதந்தியில், டிசெம்பர் மாத முடிவுக்குள் குறைந்தது 45 பேரைக் கும்பல்கள் அடித்துக் கொன்றன. அவர்களிற் பெரும்பாலானோர் வூடு குருமார். உண்மையில் அந்தக் கிருமி வந்தது ஐ.நா. அமைதிகாக்கும் படையின் நேபாள முகாமிலிருந்து, கழிவுநீர் வழியாக ஆற்றுக்கு. ஏறத்தாழ 10,000 பேர் மாண்ட அந்நோய்க்காக ஐ.நா. செயலாளர் நாயகம் 2016 டிசெம்பரில்தான் மன்னிப்புக் கேட்டார். அதே ஐ.நா. படையில் நமது நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் 2007 நவம்பரில் திருப்பி அனுப்பப்பட்டதும் நாம் மறக்கக்கூடிய செய்தியல்ல.

மற்றொரு கொடுமை 2024 டிசெம்பரில் நடந்தது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் சிற்றே சொலேய் சேரியில், துறைமுகத்தை அண்டிய ஒரு பகுதியை ஆயுதக் குழுத் தலைவன் ஒருவன் தன் பிடியில் வைத்திருந்தான். அவனுடைய பிள்ளை நோயுற்றது. அப்பகுதி முதியவர்கள் சூனியம் செய்துவிட்டார்கள் என்று வூடு குரு ஒருவரே அவனிடம் சொன்னதாக ஹெயிட்டிய மனித உரிமை அமைப்பினர் தெரிவித்தனர். 6ஆம் திகதி முதல் 11ஆம் திகதி வரை வீடுகளிலிருந்தும் வழிபாட்டிடத்திலிருந்தும் ஆட்கள் இழுத்துச் செல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் குறைந்தது 207 பேர் என ஐ.நா. கணக்கிட்டது. 134 ஆண்கள், 73 பெண்கள். பலர் வயோதிபர்கள்.

ஆள் வயோதிபராக, மருந்து தெரிந்தவராக, தனியே இருப்பவராக இருந்துவிட்டால் போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கை அவரை நோக்கித்தான் நீளும். அந்தச் சேரியில் சுத்தமான தண்ணீர் கிடைக்கிறதா, பிள்ளையை எந்த வைத்தியரிடம் காட்டினார்கள் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வூடு நம்பிக்கையின்படி இறந்தவரின் ஆன்மா நீருக்கடியில் சென்று தங்கும். ஒரு வருடமும் ஒரு நாளும் கழிந்த பின் உறவினர் கூடி, சடங்கு செய்து, அதனை நீரிலிருந்து அழைத்து மண்குடத்தில் ஏற்றுவார்கள். அதன் பின்னரே அவர் குடும்பத்தைக் காக்கும் முன்னோராக மாறுவார். சடங்குக்குச் செலவு அதிகம் என்பதால் ஏழைக் குடும்பங்கள் பல ஆண்டுகள் பணம் சேர்ப்பதுண்டு. சிற்றே சொலேயில் கொல்லப்பட்டவர்களின் உடல்களைத் தடயம் இல்லாதவாறு எரித்தார்கள், சிலவற்றைக் கடலில் வீசினார்கள். தப்பிய உறவினர்கள் அப்பகுதியை விட்டு வெளியேறவும் முடியாதவாறு ஆயுததாரிகள் வழிகளை மறித்து நின்றனர்.